கேம்பேடும் மவுஸும் சேர்ந்தால் பிசி கேம் ஏன் குழம்புகிறது? எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது?

திரையில் ‘ஏ பட்டனை அழுத்தவும்’ என்று வருகிறது. மவுஸ் லேசாக அசைந்ததும் அதே இடத்தில் ‘ஸ்பேஸ்பாரை அழுத்தவும்’ என்று மாறுகிறது. ஸ்டிக்கைத் தொட்டால் மறுபடியும் ‘ஏ’. ஓடிக்கொண்டிருந்த கேரக்டர் சட்டென நிற்கிறது. மெனுவில் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு வரி தாண்டுகிறது. யாரும் தொடாமலேயே கேமரா மெதுவாக ஒரு பக்கம் திரும்புகிறது.

கம்ப்யூட்டரில் கேம்பேடையும் மவுஸையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று கட்டாயம் நடந்திருக்கும். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கேம்பேடைத்தான். டெல்லி ஆர்.கே.புரத்தில் இருப்பவர் அதை எடுத்துக்கொண்டு நேரு பிளேஸ் போவார், சென்னைவாசி ரிச்சி ஸ்ட்ரீட் போவார். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பார், நன்றாக வேலை செய்யும். ‘இதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து செருகினால் மறுபடியும் அதே கதை.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை. கேம்பேடில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் கேரக்டர் குதிப்பதற்கும் நடுவில் நான்கு அடுக்குகள் இருக்கின்றன: சாதனம், விண்டோஸ், ஸ்டீம் போன்ற இடைநிலை மென்பொருள், கடைசியாக கேம். மோதல் எந்த அடுக்கில் என்று தெரியாமல் புது கேம்பேட் வாங்கினால் காசுதான் வீண்.

கேம் உள்ளே என்ன நடக்கிறது?

பல கேம்கள் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன: ‘இவர் கையில் இப்போது என்ன இருக்கிறது?’ கடைசியாக எந்தச் சாதனத்திலிருந்து அசைவு வந்ததோ, அதுதான் பதில். அந்தப் பதிலை வைத்து கேம் பல முடிவுகளை எடுக்கிறது. எந்தப் பட்டன் படத்தைக் காட்டுவது, மவுஸ் கர்சரைக் காட்டுவதா மறைப்பதா, குறி பார்க்க உதவும் ‘எய்ம் அசிஸ்ட்’ வேண்டுமா வேண்டாமா என்று எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

ஒரு நேரத்தில் ஒரு சாதனம் மட்டும்தான் பயன்பாட்டில் இருக்கும் என்பது இதன் அடிப்படை அனுமானம். நடக்கும்போது மவுஸ், கார் ஓட்டும்போது கேம்பேட் என்று மாறி மாறிப் பயன்படுத்தினால் இந்த அனுமானம் நன்றாகவே வேலை செய்யும். ஜிடிஏ 5 ஆடுபவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள். ஆனால் இடது கையில் ஸ்டிக், வலது கையில் மவுஸ் என்று ஒரே நேரத்தில் இரண்டையும் பயன்படுத்தினால் அனுமானம் உடைந்துவிடும்.

இதில் பெரும்பாலும் ஜெயிப்பது மவுஸ்தான். காரணம் எளிய கணக்கு. கேமிங் மவுஸ் ஒன்று நொடிக்கு 1,000 முறை தன் நிலையைச் சொல்லும். கேம்பேடுகளில் 125 முறை என்பது சாதாரணம். கேம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது என்றால், ஒரு ஃபிரேமுக்குள் மவுஸிலிருந்து சுமார் 16 தகவல்கள் வரலாம், கேம்பேடிலிருந்து 2 வரும். அதோடு, ஸ்டிக்கை முன்னால் தள்ளி அப்படியே பிடித்திருந்தால் பல கேம்கள் அதைப் புது அசைவாக எடுத்துக்கொள்வதில்லை. மவுஸின் ஒவ்வொரு துளி நகர்வும் புது அசைவுதான்.

கேம் எஞ்சின்களை உருவாக்குபவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. யூனிட்டி எஞ்சினில் சாதனத்தைப் பார்த்துத் தானாக மாறுவதற்கு ‘ஆட்டோ-ஸ்விட்ச்’ என்ற தேர்வு இருக்கிறது, அதை அணைக்கவும் முடியும். அன்ரியல் எஞ்சினின் காமன்யுஐ பகுதியில், இப்படி வேகமாக மாறி மாறித் துடிப்பதைத் தடுக்கவே ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் கேமை எழுதியவர் கையில்.

முதல் சோதனை: ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன் ஒரு 10 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

1. மவுஸைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். மின்னல் நின்றால், மவுஸிலிருந்து தேவையில்லாத அசைவு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பளபளப்பான கண்ணாடி மேசையும் ஆடும் மேசையும் இதற்குப் போதும்.

2. மவுஸைத் திரும்ப வைத்துவிட்டு, கேம்பேடைத் தொடாமல் மேசையில் வையுங்கள். அப்போதும் மின்னினால் ஸ்டிக் தானாக அசைகிறது. அதைத்தான் ‘ஸ்டிக் டிரிஃப்ட்’ என்கிறார்கள்.

3. ஸ்டீமை மூடுங்கள். ஜன்னலை மூடினால் போதாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானில் ‘எக்ஸிட்’ கொடுக்க வேண்டும். ஸ்டீம் இல்லாமல் ஓடும் கேம் ஒன்றை ஆடிப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் காரணம் இடைநிலை அடுக்கில் இருக்கிறது.

4. கேம்பேடை வேறு மாற்றி மென்பொருள் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் அதையும் மூடிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு அப்படியே இருந்தால், மோதல் கேமுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

சாதன அடுக்கு: ஒரு கேமில் சரி, இன்னொன்றில் மட்டும் தப்பு, ஏன்?

கேம்பேட் ஸ்டிக் நடுவில் சும்மா நிற்கும்போதும் அதன் அளவு சரியாகப் பூஜ்ஜியத்தில் இருக்காது. அதனால் நடுவில் ஒரு சின்ன வட்டத்தை கேம்கள் கண்டுகொள்ளாமல் விடும். அதற்குப் பெயர் ‘டெட்ஸோன்’.

இங்கே எண்கள் உதவும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட் முறையில் ஸ்டிக்கின் அளவு -32,768 முதல் 32,767 வரை போகும். டெவலப்பர்களுக்கு அந்த நிறுவனம் தரும் இயல்பான டெட்ஸோன், இடது ஸ்டிக்குக்கு 7,849, வலது ஸ்டிக்குக்கு 8,689. அதாவது முழு நகர்வில் முறையே சுமார் 24%, 26.5%. ட்ரிக்கருக்கு 255-இல் 30.

இந்த அளவு பெரிதாக இருக்கிறது, ஸ்டிக் மந்தமாகத் தெரிகிறது என்று பல கேம்கள் தங்கள் டெட்ஸோனைக் குறைத்துக்கொள்கின்றன. உங்கள் ஸ்டிக் சும்மா இருக்கும்போது 4,000-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 12%. மைக்ரோசாஃப்ட் சொன்ன அளவைப் பின்பற்றும் கேமில் இது தெரியவே தெரியாது. டெட்ஸோனை 10% என்று வைத்திருக்கும் கேமுக்கு, நீங்கள் எப்போதும் ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றும். நீங்கள் மவுஸை நகர்த்துகிறீர்கள், ஸ்டிக்கும் ‘நான் இருக்கிறேன்’ என்கிறது. மோதல் ஆரம்பம்.

‘வேற கேம்ல நல்லாத்தான் ஓடுது’ என்ற வாதம் நிற்காமல் போவது இதனால்தான். கடைக்காரர் சோதித்த கேமின் டெட்ஸோனும் உங்கள் கேமின் டெட்ஸோனும் வேறு வேறாக இருக்கலாம்.

தீர்வு: கேமின் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் டெட்ஸோனை 5, 5 சதவீதமாகக் கூட்டிக்கொண்டே போய், மின்னல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேமில் அந்த வசதி இல்லையென்றால் ஸ்டீமில் இருக்கிறது. 30% தாண்டியும் நிற்கவில்லை என்றால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. சாதாரண ஸ்டிக்குகளில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர் உராய்ந்து தேயும். காந்தத்தை வைத்து அளக்கும் ‘ஹால் எஃபெக்ட்’ ஸ்டிக்கில் அந்த உராய்வு இல்லை. அடுத்த கேம்பேட் வாங்கும்போது அந்தச் சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சாதனப் பிரச்சினை வயர்லெஸ். கேம்பேட் டாங்கிள், மவுஸ் டாங்கிள் இரண்டும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. வைஃபையும் ப்ளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆர்.கே.புரம் செக்டர் குடியிருப்புகள் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் சேர்ந்துகொள்ளும். இரண்டு டாங்கிளையும் பக்கத்துப் பக்கத்தில் நீல நிற போர்ட்டில் செருகாமல், ஒன்றை யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைக்குக் கொண்டுவாருங்கள். அசைவு விட்டு விட்டு வருவது இதிலேயே தீரலாம். கேம்பேடைக் கேபிளில் இணைத்துப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை.

விண்டோஸ் அடுக்கு: ஒரே கேம்பேட், இரண்டு முகம்

விண்டோஸில் கேம்பேடைப் படிக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. பழையது டைரக்ட்இன்புட், 1990-களில் வந்தது. அடுத்தது எக்ஸ்இன்புட், 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வந்தது, ஒரே நேரத்தில் 4 கேம்பேட் வரை பார்க்கும். சிக்கல் என்னவென்றால், எக்ஸ்இன்புட் கேம்பேட் டைரக்ட்இன்புட் பட்டியலிலும் தெரியும். இரண்டு வழியையும் படிக்கும் கேம் கவனமாக எழுதப்படவில்லை என்றால், ஒரே கேம்பேடை இரண்டு கேம்பேடாக எண்ணிவிடும். அடையாளத்தில் ‘ஐஜி’ என்ற எழுத்துகள் உள்ள சாதனங்களை டைரக்ட்இன்புட் பட்டியலில் விட்டுவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்டே டெவலப்பர்களுக்கு வழி சொல்லியிருக்கிறது. எல்லோரும் அதைச் செய்வதில்லை.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு அறிகுறிகள் போதும். மெனுவில் ஒரு அழுத்தலுக்கு இரண்டு நகர்வு வந்தால், இரட்டை உள்ளீடு. இடது, வலது ட்ரிக்கர் இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது ஒன்றுமே நடக்கவில்லை என்றால், கேம் உங்கள் எக்ஸ்பாக்ஸ் வகை கேம்பேடை டைரக்ட்இன்புட் வழியாகப் படிக்கிறது. அந்த வழியில் இரண்டு ட்ரிக்கரும் ஒரே அச்சைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றை ஒன்று ரத்துசெய்துவிடும்.

இந்தியாவில் அதிகம் கிடைக்கும் பட்ஜெட் கேம்பேடுகள் பலவற்றில் இந்த இரண்டு முறைகளுக்கும் இடையே மாற்ற வசதி இருக்கும். நடுவில் இருக்கும் ஹோம் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு மாறும், அல்லது பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். தெரியாமல் கை பட்டு மாறியிருக்கவும் கூடும். இன்றைய கேம்களுக்கு எக்ஸ்இன்புட் முறையில் வையுங்கள். விண்டோஸ் தேடலில் ‘செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் ஜன்னலில் எத்தனை கேம்பேட் தெரிகிறது என்று எண்ணுங்கள். கையில் ஒன்று, பட்டியலில் இரண்டு என்றால் விஷயம் அங்கேதான்.

பிளேஸ்டேஷன் கேம்பேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. டிஎஸ்4விண்டோஸ் போன்ற மென்பொருள்கள் அதை எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடாக வேஷம் போட வைக்கும். அசல் கேம்பேடை மறைக்கவில்லை என்றால் கேமுக்கு இரண்டுமே தெரியும். மறைப்பதற்கு ஹிட்ஹைட் என்ற கருவி இருக்கிறது. அந்த மென்பொருளில் டச்பேடை மவுஸாக மாற்றும் வசதியும் உண்டு. கட்டைவிரல் லேசாக உரசினாலும் கேம் ‘மவுஸ் வந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்ளும். தேவையில்லை என்றால் அதை அணைத்துவிடுங்கள்.

ஸ்டீம் அடுக்கு: உதவிக்கு வந்தவர் செய்யும் குழப்பம்

ஸ்டீம் இன்புட் என்பது கேம்பேடுக்கும் கேமுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். எந்தப் பட்டனையும் கீபோர்டாகவோ மவுஸாகவோ மாற்றும். அருமையான வசதிதான், ஆனால் மூன்று இடங்களில் கால் வாரிவிடும்.

ஒன்று, டெஸ்க்டாப் லேஅவுட். கேம் ஓடாதபோது ஸ்டிக்கை வைத்து மவுஸ் கர்சரை நகர்த்தும் ஏற்பாடு இது. ஸ்டீமை விட்டு வேறு கடையில் வாங்கிய கேமைத் திறந்தால், கேம் ஓடுவதே ஸ்டீமுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது ஒரே ஸ்டிக் கேம்பேடாகவும் மவுஸாகவும் இரண்டு வேலை பார்க்கும். ஸ்டீம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் டெஸ்க்டாப் லேஅவுட்டை முடக்குங்கள்.

இரண்டு, இரட்டை மொழிபெயர்ப்பு. மேலே சொன்ன மாற்றி மென்பொருளும் ஸ்டீம் இன்புட்டும் சேர்ந்து ஓடினால், மாற்றியதையே மறுபடி மாற்றும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘கன்ட்ரோலர்’ போனால், அந்த ஒரு கேமுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைக்கலாம்.

மூன்று, கைரோ. கேம்பேடைச் சாய்த்துக் குறி பார்க்கும் வசதியை மவுஸாக அமைத்திருந்தால், நிஜ மவுஸே இல்லாமல் கேம்பேடும் மவுஸும் மோதும். அதே வசதியை ஜாய்ஸ்டிக்காக அமைத்தால் மோதல் போய்விடும், குறியின் துல்லியம் மட்டும் கொஞ்சம் குறையும்.

கேம் அடுக்கு: ஒத்துக்கொள்ளாத கேமை என்ன செய்வது?

முதலில் கேமின் செட்டிங்ஸில் ‘இன்புட் டிவைஸ்’ அல்லது ‘பட்டன் ப்ராம்ப்ட்’ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ‘ஆட்டோ’ என்பதை மாற்றி ஒன்றை நிரந்தரமாக வைத்தால் மின்னல் நின்றுவிடும் கேம்கள் உண்டு. எந்த கேம் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்கும் என்பதை பிசிகேமிங்விக்கி கேம் வாரியாகப் பதிவு செய்கிறது. அதற்கென்றே ஒரு தனி வரி இருக்கும். வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்காத கேம் என்றால் வழி ஒன்றுதான்: கேமுக்கு ஒரே ஒரு சாதனம்தான் தெரிய வேண்டும். கேம்பேடின் எல்லாப் பட்டன்களையும் ஸ்டீம் இன்புட்டில் கீபோர்டு விசைகளாக மாற்றிவிடுங்கள். மவுஸ் மவுஸாகவே இருக்கட்டும். கேமைப் பொறுத்தவரை நீங்கள் கீபோர்டும் மவுஸும் வைத்து ஆடும் சாதாரண ஆள். மோதலுக்கு இடமே இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்டிக்கை லேசாகத் தள்ளினால் மெதுவாக நடப்பது, முழுதாகத் தள்ளினால் ஓடுவது என்ற நுணுக்கம் போய்விடும். கீபோர்டு விசைக்கு அழுத்தினேன், அழுத்தவில்லை என்ற இரண்டு நிலைதான். கேம்பேட் இருப்பதே கேமுக்குத் தெரியாததால் வைப்ரேஷனும் வராது.

ஆன்லைன் போட்டிகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. மவுஸை வைத்துக்கொண்டு கேம்பேடாக நடித்தால் மவுஸின் துல்லியமும் எய்ம் அசிஸ்டும் சேர்ந்து கிடைக்கும். மற்றவர்களுக்கு அது அநியாயம். ரெயின்போ சிக்ஸ் சீஜ் கேமின் கன்சோல் பதிப்பில் இப்படிச் செய்பவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் உள்ளீட்டைத் தாமதப்படுத்தும் ‘மவுஸ்டிராப்’ என்ற ஏற்பாட்டை யுபிசாஃப்ட் 2023-இல் கொண்டுவந்தது. போட்டி கேம்களில் மாற்றி மென்பொருளைப் போடுவதற்கு முன் அந்தந்த கேமின் விதியைப் படியுங்கள். தனியாக ஆடும் கேம்களில் இந்தக் கவலை இல்லை.

இது வெறும் சௌகரியப் பிரச்சினையா?

பலருக்கு ஆமாம். ‘கீபோர்டு, மவுஸ் போதுமே, எதுக்கு இந்த வம்பு?’ என்று கேட்கலாம். எல்லோருக்கும் அந்தத் தேர்வு இல்லை. ஒரு கையின் விரல்களை விரித்துக் கீபோர்டில் வைக்க முடியாதவருக்கு, கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கும் மறு கையில் மவுஸும்தான் ஆட முடிந்த ஒரே வழியாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் வெளிச் சாதனங்களை இணைக்க 19 ஜாக்குகளும் 2 யுஎஸ்பி போர்ட்டுகளும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் முடிந்த அசைவை வைத்து ஒரு கன்ட்ரோலரைக் கட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். விண்டோஸுக்கு அது எக்ஸ்பாக்ஸ் கேம்பேடுதான். அதோடு மவுஸையும் சேர்க்கும்போது கேம் ‘ஏதாவது ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும்’ என்று அடம்பிடித்தால், அவ்வளவு ஏற்பாடும் கடைசிப் படியில் வந்து நின்றுவிடும்.

லாட்வியாவின் அசெரான் நிறுவனம் இடது கைக்கென்றே விற்கும் கீபேடின் ஸ்டிக்கை, கேம்பேட் ஸ்டிக்காகவும் வைக்கலாம், நான்கு கீபோர்டு விசைகளாகவும் வைக்கலாம். கேம்பேடும் மவுஸும் சேர்வதை ஏற்காத கேம்களில் அந்த இரண்டாவது வழிதான் கைகொடுக்கிறது.

கேமை எழுதுபவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. எந்தப் படத்தைக் காட்டுவது என்பது ஒரு முடிவு, எந்தச் சாதனத்தை ஏற்பது என்பது வேறு முடிவு. இரண்டையும் பிரித்துவிட்டு, எல்லா உள்ளீட்டையும் எப்போதும் ஏற்று, படத்தை மட்டும் ஆடுபவர் தேர்வுக்கு விட்டால் போதும். வேலைக்குப் போகும் இளைஞர்களில் கேம் டெவலப்மென்ட் பக்கம் இருப்பவர்கள் தங்கள் அடுத்த பில்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

ஆர்.கே.புரத்திலிருந்து நேரு பிளேஸ் போக மஜெந்தா லைனில் கால்காஜி மந்திர் வரை போய், வயலட் லைன் மாறி ஒரு ஸ்டேஷன். பெரும்பாலான கடைகள் ஞாயிறு மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை ஒன்றை இதற்காகச் செலவிட வேண்டும். கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

மவுஸையும் மற்ற மென்பொருள்களையும் எடுத்துவிட்டு, கேபிளில் இணைத்த பிறகும் ஸ்டிக் தானாக நகர்ந்தாலோ, பட்டன் விட்டு விட்டு வேலை செய்தாலோ, கேம்பேடில்தான் கோளாறு. விண்டோஸின் சோதனை ஜன்னலில் அது நகர்வதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் கேமில் அது தெரியாமல் போகலாம் என்பதற்குக் காரணம் மேலே சொன்ன டெட்ஸோன்தான், அந்த வீடியோவை மறைக்க முடியாது. பில் இருந்தும் மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தனியாக நன்றாக வேலை செய்து, மவுஸோடு சேரும்போது மட்டும் தகராறு செய்தால், அது கடையில் தீராது. ஸ்டீமின் டெஸ்க்டாப் லேஅவுட்டிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.